பால்டரின் தம்பிக்கு

கண்ணு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று சங்ககிரி லாரிக்கார ராமசாமி சொல்லிவிட்டான். ஆகவே சௌக்கியமா என்று கேட்டுத் தாளை வீணாக்கப் போவதில்லை. இந்தச் சண்டைக் காலத்தில் நல்ல தாள் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சிஸ்டரம்மாவிடம் கேட்டு வாங்கி வந்துதான் எழுதுகிறேன். நாங்கள் சௌக்கியமா என்று நீயும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உன் அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. எனக்கு முழங்கால் போய்விட்டது. வாய் மட்டும் பழையபடியே இருக்கிறது. அந்த வாய்தான் இந்தக் கடிதம் முழுவதும் பேசப் போகிறது, பொறுமையாகக் கேள்.

ராமசாமி கோயமுத்தூரிலிருந்து அம்மாபேட்டைத் தறிக்காரர்களுக்கு நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தவன், நம் வீட்டு முக்கில் வண்டியை நிறுத்தினான். பெட்ரோல் இல்லாமல் அடுப்புக்கரி போட்டு ஓட்டுகிறார்களே, அந்த வண்டி. முகமெல்லாம் கரியாக இறங்கி வந்து தண்ணீர் கேட்டான். சொம்பைக் கையில் கொடுத்தேன். குடித்துக்கொண்டே, "ஏனுங்க ஆத்தா, கண்ணாலத்துக்கு எப்பப் பொறப்படறீங்க? நம்ம வண்டியிலயே வந்துருங்க" என்றான். "ஆருக்குடா கண்ணாலம்?" என்று கேட்டேன். அவன் சொம்பைக் கீழே வைத்துவிட்டான். நான் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டதில், பல்லடம் பக்கத்துப் பெண், அவள் அப்பாவும் உன் மில்லில்தான் வேலை, ஆவணியில் முகூர்த்தம் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. "பொண்ணோட அத்தக்காரிதான் அவங்கூட எலையில உக்காரப் போறாங்கன்னு பேசிக்கிட்டாங்க. நாந்தான் தப்பாக் கேட்டுட்டனாட்ட இருக்குதுன்னு சும்மா இருந்துட்டனுங்க" என்றான். "ஆத்தா அப்பன் இல்லாத பையன்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன். அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்க ஆரம்பித்தான். கரி போய் முகம் வெளுத்தபிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். எனக்குப் புரிந்துவிட்டது.

நீ கல்யாணம் செய்துகொள்வதில் எனக்குக் கோபமில்லை. பெண்ணை நீயே பார்த்துக்கொண்டதிலும் இல்லை. ஆனால் நம் ஜனத்தில் மாப்பிள்ளை முகூர்த்தத்துக்குப் புறப்படும் முன் பெற்ற தாயோடு ஒரே இலையில் உட்கார்ந்து உண்ண வேண்டும். தாய் அவனுக்கு ஊட்ட வேண்டும், அவன் தாய்க்கு ஊட்ட வேண்டும். இனிமேல் உனக்குச் சோறு போடுகிறவள் வேறொருத்தி என்று தாய் விட்டுக்கொடுக்கிற சோறு அது. பெற்றவள் செத்துப்போயிருந்தால்தான் அத்தையோ சித்தியோ அந்த இடத்தில் உட்காருவாள். நீ யாரோ ஒரு அத்தைக்காரியை அங்கே உட்கார வைக்கப் போகிறாய். நான் இங்கே நம் வீட்டு வாசலில் கல்லுக்குண்டாட்டம் உட்கார்ந்து சோளம் புடைத்துக்கொண்டிருக்கிறேன். உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துவிட்டு வந்து மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். "அவன் வந்தா எம் மூஞ்சியப் பாக்கோணுமே, அதுக்குத்தான் வர மாட்டீங்கறான். உடு" என்றார். எதையும் உடு உடு என்று சொல்லியே இந்த மனிதர் இவ்வளவு காலம் ஓட்டிவிட்டார். என்னால் முடியாது.

நீ ஏன் வருவதில்லை என்று எனக்குத் தெரியும். அதை நாம் இரண்டு பேரும் வாய் திறந்து பேசியதே இல்லை. இப்போது பேசலாம். அதற்கு முன்னால் சிஸ்டரம்மா சொன்ன ஒரு கதையை உனக்குச் சொல்லியாக வேண்டும். கதை கேட்கிற வயதா எனக்கு என்று முறைக்காதே. இந்தக் கதையில் நீ இருக்கிறாய்.

சிஸ்டரம்மாவை உனக்கு நினைவிருக்கும். டென்மார்க் என்கிற தேசத்திலிருந்து வந்து, சாலையோரத்தில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியை நடத்துகிறவள். நம்மிடம் வாங்கிய மயிலைப் பசுவை இன்னும் வைத்திருக்கிறாள். வாங்கிய அன்றே, "அம்மா, இப்பசுவின் பெயர் என்ன?" என்று பாடப் புத்தகம் மாதிரி கேட்டாள். "மயிலைங்க" என்றேன். "அது நிறம் அல்லவா? பெயர் என்ன?" என்றாள். மாட்டுக்கு நிறம் இல்லாமல் வேறென்ன பெயர் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளே ஒரு பெயர் வைத்தாள், ஆதும்லா என்று. அவள் தேசத்துப் பழைய கதையில் உலகம் உண்டாவதற்கு முன் இருந்த பசுவாம். உப்புப் பனிக்கட்டியை நக்கி நக்கியே அதற்குள்ளிருந்து முதல் சாமியை வெளியே கொண்டுவந்ததாம். நம் மயிலை கழுநீர்த் தொட்டியை நக்குவதைப் பார்த்தால் அதுவும் செய்யும் போலத்தான் இருக்கும். சமையற்கட்டு ஓட்டில் வந்து உட்காரும் காக்கைகளில் ஒன்றுக்கு ஹூகின், இன்னொன்றுக்கு மூனின். ஓடின் என்ற பெரிய சாமிக்கு இரண்டு அண்டங்காக்கைகள் உண்டாம். ஒன்று நினைப்பு, இன்னொன்று ஞாபகம். தினமும் உலகத்தைச் சுற்றிப் பறந்துவிட்டு வந்து அவர் காதில் எல்லாவற்றையும் சொல்லுமாம். ஞாபகம் என்கிற காக்கை ஒரு நாள் திரும்பி வராமல் போய்விடுமோ என்று அவருக்குப் பயமாம். எனக்கு அப்படிப் பயம் எதுவும் இல்லை. அது ஒரு நாளாவது வராமல் இருந்தால் தேவலை என்றுதான் இருக்கிறேன்.

உன் அண்ணனை அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வண்டியில் போட்டுக்கொண்டு போனோம். அவன் கண்ணை மூடிவிட்டவள் அவள்தான். அதற்குப் பிறகும் நான் அங்கே தயிர் கொண்டுபோவதை நிறுத்தவில்லை. ஏன் போகிறாய் என்று ஊரில் கேட்டார்கள். அவன் கடைசியாக இருந்த இடம், போகிறேன். நீ வீட்டை விட்டுப் போன பிறகு அடிக்கடி போனேன். ஜெர்மன்காரன் அவள் தேசத்தைப் பிடித்துக்கொண்டான் என்று செய்தி வந்த கோடையில், அவளுக்குக் காகிதம் வருவது நின்றுபோனது. வயதான தாய் அங்கே இருக்கிறாள். ஒரு நாள் பின்கட்டு மாமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாவின் கிளையில் ஒட்டி வளர்ந்திருந்ததைக் காட்டி, "இதை என்னவென்று சொல்வீர்கள்?" என்றாள். "புல்லுருவிங்க. மரத்தையே உறிஞ்சிப்போடும், வெட்டியெறியோணும்" என்றேன். அவள் ஊரில் ஆப்பிள் மரத்தில் இதே மாதிரி ஒன்று முளைக்குமாம். இதற்கு ஒரு கதை உண்டு, ஆனால் உங்களிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை என்றாள். சொல்லச் சொன்னேன்.

ஓடினுக்கும் அவர் மனைவி பிரிக் என்பவளுக்கும் பால்டர் என்று ஒரு மகன். அஸ்கார்ட் என்கிற அந்தச் சாமிகளின் ஊரில் அவனைப் பிடிக்காதவர் கிடையாது. அவன் செத்துப்போவதாகக் கனவு வரவே, தாய்க்காரி உலகம் முழுக்க நடந்து ஒவ்வொன்றிடமும் சத்தியம் வாங்கினாள். நெருப்பிடம், தண்ணீரிடம், இரும்பிடம், கல்லிடம், பாம்பிடம், நோயிடம், மரத்திடம். என் மகனை ஒன்றும் செய்ய மாட்டேன் என்று எல்லாம் சத்தியம் செய்தன. புல்லுருவி மட்டும் கேட்பாரற்ற சின்னச் செடியாக இருந்ததால் அதனிடம் கேட்கவில்லை. இதைக் கேட்டதுமே எனக்கு உன் அண்ணன் ஞாபகம்தான் வந்தது. உனக்கு முந்திப் பிறந்தவர்கள் கதை உனக்குத் தெரியாதா? உன் அண்ணனுக்கு முன்னால் பிறந்தவை தங்கவில்லை. இவனைப் பெற்றதும் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பண்ணன் என்று பேர் வைத்தோம், எமனுக்கே வேண்டாத பேராக இருக்கட்டும் என்று. அம்மைக்கு மாரியம்மனிடம் பூ மிதிப்பதாக வேண்டிக்கொண்டு மிதித்தேன். பாம்புக்குத் திருச்செங்கோட்டு மலை ஏறினேன். தண்ணீருக்குக் காவிரியில் மஞ்சளும் காதோலையும் விட்டேன். நான் நடக்காத கோயில் இந்தச் சீமையில் இல்லை. அவனும் அதற்கேற்ற மாதிரி பனை மரத்திலிருந்து விழுந்தான், எழுந்தான். கிணற்றில் விழுந்தான், நீந்தி வந்தான். இவனுக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு வந்துவிட்டது. முயலுக்கு எறிகிற வளைதடியிடம் போய்ச் சத்தியம் வாங்க வேண்டும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

பால்டருக்கு எதுவும் ஆகாது என்று தெரிந்ததும் அந்த ஊர்ச் சாமிகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. அவனை நடுவில் நிறுத்திக் கல்லையும் ஈட்டியையும் எறிந்து சிரிப்பார்களாம். அவனுக்கு ஒரு தம்பி, ஹோதர். கண் தெரியாதவன். எறிகிற விளையாட்டில் சேராமல் ஓரமாக நின்றிருந்தான். லோக்கி என்ற குசும்புக்காரன் அவன் கையில் புல்லுருவிக் குச்சியைக் கொடுத்து, கையைப் பிடித்து, அண்ணன் இருக்கிற பக்கம் காட்டி எறியச் சொன்னான். தம்பி எறிந்தான். அண்ணன் விழுந்தான்.

சிஸ்டரம்மா அத்தோடு நிறுத்திக்கொண்டாள். நான் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அப்பறம்?" என்றேன். "போதும் அம்மா" என்றாள். "இல்லீங், அப்பறம் அந்தத் தம்பிக்காரன் என்னானான்? அதச் சொல்லுங்" என்றேன். அவள் மீதியைச் சொன்னாள். அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் நம் கதையை எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எனக்குத் தெம்பு போய்விடும்.

தைப்பொங்கலை ஒட்டி வந்த பூப்பறிக்கிற நோம்பி அன்று பெண்பிள்ளைகள் ஆவாரம்பூ பறிக்கப் போனார்கள். ஆண்பிள்ளைகள் கரட்டுக்கு முயல் வேட்டைக்குப் போனீர்கள். ஒரு பக்கம் வலை, ஒரு பக்கம் தப்பட்டை அடித்துக் கலைக்கிறவர்கள், நடுவில் தடிக்காரர்கள். அந்த வருஷம்தான் நீ முதன்முதலாகத் தடி பிடித்தாய். முதல் தடி எறிகிற பையனுக்கு முயல் விழுந்துவிட்டால் அவனுக்கு ஆவாரம்பூ மாலை போட்டுத் தப்பட்டையோடு ஊருக்குள் கூட்டிவருவார்கள். விழாவிட்டால் அடுத்த நோம்பி வரை கேலிதான். உன்னைக் கேலி செய்வதை உன் அண்ணனால் பொறுக்க முடியாது. அவனுக்குத் தடி பிடிக்கிற இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதை விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல், சத்தம் போடாமல், புதருக்குள் குனிந்து நுழைந்தான். முயலை உன் பக்கமாகத் திருப்பிவிடுவதற்காக. வலை பிடித்த மாரப்பன் பார்த்திருக்கிறான். பேசாதே என்று வாயில் விரல் வைத்துக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனானாம். உனக்குத் தெரிந்ததெல்லாம் புதர் ஆடியது. ஆடுகிற புதரைப் பார்த்ததும் தாழ எறிய வேண்டும், யோசித்துக்கொண்டு நின்றால் முயல் போய்விடும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். நீ நன்றாக எறிந்தாய்.

நம் கதையில் லோக்கி இல்லை, கண்ணு. நான் தேடிப் பார்த்தேன். தப்பட்டைக்காரனையும் மாரப்பனையும் உன் கையில் தடியைக் கொடுத்த அப்பாவையும் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தேன். யாரும் அந்த வேஷத்துக்குப் பொருந்தவில்லை. ஒரு பொல்லாதவன் இருந்திருந்தால் அவன் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றியாவது ஆறியிருப்பேன். தம்பிக்கு மாலை விழ வேண்டும் என்று ஆசைப்பட்ட அண்ணன் ஒருவன்தான் இருந்தான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அவனைக் கொண்டுபோன அன்று ஊரே அழுதது. மாடுகூட அழுதது என்றார்கள். நீ அழவில்லை. மாட்டுக் கட்டுத்தறியில் வைக்கோலுக்குள் உட்கார்ந்திருந்தாய். பங்காளி வீட்டுப் பொம்பளைகள் கட்டிப் பிடித்து அழ வந்தபோது மரம் மாதிரி நின்றாய். "கல்லுடி அவன்" என்று என் காதுபடவே சொன்னார்கள். சிஸ்டரம்மா கதையிலும் இப்படி ஒரு கட்டம் வருகிறது. பால்டரைத் திருப்பிக் கேட்க, அவன் இன்னொரு சகோதரன் ஹெர்மோத், எட்டுக்கால் குதிரை ஏறிச் செத்தவர்களின் ஊருக்குப் போகிறான். அந்த ஊருக்கும் அதை ஆள்கிறவளுக்கும் ஹெல் என்று ஒரே பேர். உலகத்தில் இருக்கிற எல்லாம் அவனுக்காக அழுதால் அனுப்புகிறேன் என்கிறாள் அவள். மனிதர்கள் அழுதார்கள், மிருகம் அழுதது, கல்லும் இரும்பும்கூட அழுதன. தோக் என்கிற ஒரு கிழவி மட்டும் குகையில் உட்கார்ந்துகொண்டு அழ மாட்டேன் என்றுவிட்டாள். பால்டர் திரும்பவில்லை. அந்தக் கிழவி வேஷம் போட்ட லோக்கிதான் என்று அவர்கள் ஊரில் சொல்வார்களாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழ முடியாதவர்களும் உலகத்தில் உண்டு. நெஞ்சு அடைத்துப்போய் உட்கார்ந்திருப்பவரைப் போய் அழு அழு என்றால் வேறென்ன சொல்வார்கள்? உன்னைக் கல் என்றவளிடம் அன்றைக்கே நான் இதைக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அன்றைக்குக் காதும் வாயும் வேலை செய்யவில்லை.

அந்தத் தம்பி என்னானான் என்று கேட்டேனே. அவனைக் கொன்றுவிட்டார்கள். பழி வாங்குவதற்கென்றே ஓடின் இன்னொரு மகனைப் பெற்றாராம். அவன் பிறந்து தலைகூடச் சீவாமல் போய் ஹோதரைக் கொன்றானாம். சிஸ்டரம்மா இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. நம் ஊரில் உன்னை யாரும் கொல்லவில்லை. மரியாதையாக நடத்தினோம். அது அதைவிட மோசம் என்று எனக்குப் புரிய வெகு நாளாயிற்று.

யோசித்துப் பார். அதற்கு முன் நான் உன்னைத் திட்டாத நாள் உண்டா? பால் கறக்கும் முன் கன்றுக்குட்டியை ஊட்டவிட்டதற்குத் திட்டினேன், மோர்ப்பானையை உடைத்ததற்குத் திட்டினேன், தலைக்கு எண்ணெய் வைக்காததற்குத் திட்டினேன். பொசகெட்டவனே, எருமைக்குப் பொறந்தவனே என்று நான் ஆரம்பித்தால் அடுத்த தோட்டம் வரைக்கும் கேட்கும். அண்ணனும் தம்பியும் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துச் சிரிப்பீர்கள். அவன் போனபிறகு உன்னை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால் எதைச் சொல்லிவிடுவேனோ என்று பயம். முதல் வார்த்தை வந்துவிட்டால் பின்னாடியே அதுவும் வந்துவிடும் என்று தெரியும். அதனால் விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி உனக்குச் சோறு போட்டேன். உன் அப்பா வீட்டிலிருந்த வளைதடிகளையெல்லாம் அடுப்பில் வைத்துவிட்டு உன்னிடம் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும் பேசினார். ஊரும் அப்படியே பழகியது. நீ கேட்காமலே வழிவிட்டார்கள்.

நம் காளைகளை நீ மேலைத்தோட்டத்துச் சோளத்தில் மேயவிட்ட நாள் நினைவிருக்கிறதா? நீ வேண்டுமென்றேதான் விட்டாய் என்று இப்போது நினைக்கிறேன். கதிர் பிடித்த சோளம், பாதி அழிந்துவிட்டது. அந்தத் தோட்டத்துக் கவுண்டர் ஒரு வரப்பு போனாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற மனிதர். அவர் வந்து உன்னைப் பார்த்துவிட்டு, "பரவால்லீங், மாடுதானுங்களே, தெரியாம மேஞ்சிருச்சு" என்றார். உன்னைப் போய் "வாங்க, போங்க" என்றார்! நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நானும், "போனாப் போச்சாது சாமி, கையக் கால அலம்பீட்டு வா" என்றேன். நீ அங்கேயே நின்றாய். "ஏனாத்தா, ஒண்ணுமே சொல்ல மாட்டியா?" என்று கேட்டாய். "என்னத்தச் சொல்லறது சாமி" என்று நான் உள்ளே போய்விட்டேன். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் நீ இல்லை. பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருந்தாய். எத்தனை நாள் கத்தியும் நீ சுருட்டாத பாய் அது.

பால்டர் விழுந்ததும் அந்தச் சாமிகளுக்கெல்லாம் நாக்கு எழவில்லையாம். ஒருவரும் பேசவில்லையாம். சிஸ்டரம்மாவிடம் கேட்டேன், "அந்தத் தாய்க்காரி சின்னவங்கிட்ட என்ன சொன்னாளுங்க?" என்று. "பிரிக் அழுதாள் என்று இருக்கிறது. ஹோதரிடம் என்ன சொன்னாள் என்று எங்கும் இல்லை அம்மா" என்றாள். பிரிக் என்பவள் இரண்டு பேருக்கும்தானே தாய்? எட்டுக்கால் குதிரை எந்தப் பாலத்தின் மேல் போயிற்று, அந்தப் பாலத்துக்கு என்ன பேர் என்பதையெல்லாம் எழுதிவைத்தவர்களுக்கு இதை எழுதத் தோன்றவில்லை. முடிவில் ரக்னராக் என்று ஒரு அழிவு வருமாம். ஓநாய் சூரியனை விழுங்கும், உலகம் எரிந்து கடலுக்குள் போகும். பிறகு புதுசாகப் பச்சைப் பசேலென்று நிலம் எழும். அப்போது பால்டரும் ஹோதரும் ஹெல்லின் ஊரிலிருந்து சேர்ந்து வந்து, புல்தரையில் உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருப்பார்களாம். சிஸ்டரம்மா அதை எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். அவளுக்கே அப்போது அந்த ஆறுதல் தேவையாக இருந்தது. நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் புல்தரையிலும் தாயைக் காணோமே என்று வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது. உலகம் அழிந்து முளைக்கிற வரைக்கும் காத்திருக்க எனக்கு முழங்காலும் இல்லை.

உனக்குப் புத்தி சொல்ல இதுதான் கடைசிச் சந்தர்ப்பம். பிறகு உன் பெண்டாட்டி சொல்லிக்கொள்வாள். அந்தப் பெண்ணிடம் தாலி கட்டும் முன்னே உண்மையைச் சொல்லிவிடு. தாய் தகப்பன் இருக்கிறார்கள், ஒரு அண்ணன் இருந்தான், என் கையால் போனான் என்று உன் வாயாலேயே சொல்லு. கேட்டுவிட்டு அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடு. மறைத்து வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினால், தினமும் அவள் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் தெரிந்துவிட்டதோ என்று நீ செத்துக்கொண்டிருப்பாய். பால்டரின் மனைவி நன்னா, அவன் சிதையைப் பார்த்தே நெஞ்சு வெடித்துச் செத்தாளாம். உன் அண்ணனுக்குப் பேசி வைத்திருந்த பெண் அப்படியெல்லாம் சாகவில்லை. ஒரு வருஷம் அழுதாள், பிறகு சங்ககிரிப் பக்கம் வாக்கப்பட்டாள். சந்தையில் பார்த்தேன், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். "நல்லாருக்கறயா சாமி?" என்று கேட்டுக் குழந்தைக்குப் பொரி உருண்டை வாங்கிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்து வண்டிக்குப் பின்னால் நின்று அழுதேன். பொறாமைதான், வேறென்ன. நான் நல்லவள் என்று உனக்கு யாராவது சொன்னால் நம்பாதே. இன்னொன்று. உன் பெண்டாட்டி உன்னைத் திட்டினால் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள். திட்டுவதை நிறுத்திவிட்டு மரியாதையாகப் பேச ஆரம்பித்தால், வேலைக்குக்கூடப் போகாமல் அன்றைக்கே உட்கார்ந்து என்னவென்று கேள்.

முகூர்த்தத்துக்கு முன்நாள் ராமசாமியின் வண்டியில் வருகிறேன். வேண்டாம் என்று தாக்கல் சொல்லி அனுப்பாதே, நான் கேட்கப் போவதில்லை. உன் அப்பாவும் வருகிறார். "அவங் கண்ணுல முழிக்க எனக்குத் தெகிரியமில்ல" என்று முனகினார். "உங்களுக்குத்தான் கண்ணே தெரியலையே, வந்து ஏறுங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த அத்தைக்காரி நல்லவளாகவே இருக்கட்டும், அவளை எழுந்து போகச் சொல்லிவிட்டு அந்த இலையில் நான் உட்காருவேன். உட்காரும் முன் உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்பேன். ஆட்கள் இருந்தாலும் கேட்பேன், சம்பந்தி வீட்டார் முன்னாலும் கேட்பேன். என் புள்ளையக் கொன்னுபோட்டியேடா பாவி, எங் குலையே அந்துபோச்சேடா என்று கேட்பேன். அன்றைக்கு வைக்கோலுக்குள் நீ உட்கார்ந்திருந்தபோது கேட்டிருக்க வேண்டியது. நீ ஒன்றும் பதில் சொல்ல வேண்டாம். அடித்தாலும் அடிப்பேன், தாங்கிக்கொள். அப்போது உனக்கு அழுகை வந்தால் அழு, வராவிட்டால் சும்மா நில்லு.

அதற்கப்புறம் உட்காரு. முதல் வாய் நான் ஊட்டுகிறேன். அடுத்தது நீ எனக்கு ஊட்ட வேண்டும். கை கூசுகிறது என்று இடக்கையை நீட்டாதே, வேறு யாரையும் கூப்பிடாதே. தடி எறிந்தாயே, அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைந்து எடுத்து என் வாயில் வை. நான் சாப்பிடுகிறேன்.

உன் ஆத்தா